மூன்றாம் மதகில் மதியச் சாப்பாடு

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு தேவானந்தத்தின் கறுப்பு அம்பாசடர் மேற்குத் தாம்பரத்துச் சந்துக்குள் நுழைந்து, ஞானஜோதி டீச்சர் வீட்டு வாசலில் நின்றது. அவர் ஹாரன் அடிக்கவில்லை. சம்பந்தி வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பது மரியாதையில்லை என்று நினைக்கிற மனிதர். இறங்கி வந்து கைகூப்பி, "கிளம்பலாமா டீச்சர்?" என்றார்.

"நான் எப்பவோ ரெடி," என்றாள் ஞானஜோதி.

அதில் பொய்யே இல்லை. இரண்டு மாதமாக அவள் தயாராகத்தான் இருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், காசநோய்ச் சானடோரியத்து நோயாளிகளுக்குப் பழம் கொடுக்கப் போன மாதர் சங்கத்துப் பெண்களோடு அவளும் போயிருந்தாள். கடைசிக் கட்டிலில் கிடந்த சம்பத் என்பவர் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீங்க உபதேசியார் பொண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் அழத் தொடங்கிவிட்டார்.

"சாலமோன் குடிக்கலைங்க. குடிச்சது தேவானந்தம். தண்ணியில மாட்டிக்கிட்டதும் அவன்தான். அவனைக் கரையேத்திட்டுத்தான் உங்க தம்பி போனான்."

ஐம்பத்து நாலாம் வருஷம் மூன்று வாலிபர்கள் சைக்கிளில் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போனார்கள். திரும்பி வந்தது இரண்டு பேர். சாலமோன் சாராயம் குடித்துவிட்டு ஏரியில் குதித்தான் என்று அந்த இரண்டு பேரும் போலீசில் சொன்னார்கள். மதுவிலக்கு இருந்த காலம். உபதேசியார் மகனே இப்படியா என்று தாம்பரத்துச் சபை கொதித்தது. கல்லறைத் தோட்டத்துக்குள் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். கோயிலில் ஜெபம் நடத்துகிற அப்பாவின் உபதேசியார் வேலை போயிற்று. எட்டு மாதத்தில் அப்பாவும் போனார்.

ஞானஜோதி அப்போது விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில், மூன்று வயதுக் கிருபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். தந்தி கிடைத்து வந்து சேர்வதற்குள் மண் மூடிவிட்டார்கள். தம்பியின் முகத்தை அவள் கடைசியாகப் பார்க்கவே இல்லை. அவன் குடித்தான் என்பதையும் பத்தொன்பது வருஷம் நம்பினாள். அவளால் தன்னை மன்னிக்க முடியாதது அதுதான்.

சம்பத் அந்தப் பெயரைச் சொன்ன அதே வாரத்தில் கிருபாவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் சத்தியநாதன், குரோம்பேட்டையில் இன்ஜினீயரிங் காலேஜில் வேலை. தாய் தகப்பன் இல்லை. அண்ணன்தான் வளர்த்து ஆளாக்கினார். அண்ணன் பெயர் தேவானந்தம். கிண்டியில் ஒரு சர்க்கார் கம்பெனியில் மேனேஜர், கோயில் கமிட்டியில் பெரிய மனிதர்.

தரகரைத் துரத்தத்தான் முதலில் வாயெடுத்தாள். பிறகு, "வரச் சொல்லுங்க," என்றாள்.

அவர்கள் வந்தார்கள், பெண் பார்த்தார்கள். போன வியாழக்கிழமை நிச்சயமும் நடந்து மோதிரம் மாற்றியாயிற்று. நாளை ஞாயிறு, இரண்டு கோயிலிலும் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிப்பார்கள். ஊரறிய நடந்த நிச்சயம் நின்றால், ஏன் நின்றது என்று ஊர் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் அவள் இருந்தாள். இவ்வளவு தூரம் அவரை ஏறவிட்டதே உச்சியிலிருந்து தள்ளத்தான்.

ஏரியைச் சுற்றி ஒரு நாள் போய் வரலாம் என்பதும் அவள் யோசனை. "இந்த வருஷம் நல்ல மழை, ஏரி தளும்புதாம். ரெண்டு குடும்பமும் ஒரு சுத்து சுத்திட்டு வரலாமே," என்று நிச்சயத்தன்று சொன்னாள். தேவானந்தத்தின் கையில் இருந்த காபி டம்ளர் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு, "ஆகட்டும் டீச்சர்," என்றார்.

கணவர் ஆசீர்வாதத்துக்கு இது எதுவும் தெரியாது. மின்சார ரயிலில் கார்டு. இன்று பகல் டியூட்டி. கிருபாவுக்கும் தெரியாது. அவள் நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட நைலக்ஸ் புடவை கட்டி, கூந்தலில் ஒரு முழம் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நடுவில் தேவானந்தத்தின் மனைவி தபீதாள். அந்தப் பக்கம் ஞானஜோதி. முன்னால் அண்ணனும் தம்பியும்.

கார் ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டை தாண்டி, பல்லாவரத்தில் திரும்பி, பம்மல் வழியாகக் குன்றத்தூர் சாலையைப் பிடித்தது. அனகாபுத்தூரில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டது. சத்தியநாதன் அடிக்கடி திரும்பிப் பின்னால் பார்த்துப் பேசினான். பேச்சு அண்ணியிடம், பார்வை கிருபாவிடம்.

"நீங்க இந்தப் பக்கமெல்லாம் வந்திருக்கீங்களா சம்பந்தி?" என்று ஞானஜோதி கேட்டாள்.

"சின்ன வயசுல வந்திருக்கேன்."

"கார்லயா?"

"சைக்கிள்ல."

"தனியாவா?"

"ஃபிரண்ட்ஸோட." அவர் கியரை மாற்றினார். "மூணு பேரா வந்தோம்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே நீங்க," என்றாள் தபீதாள்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு," என்றார் அவர்.

காருக்குள் இருந்த சின்னக் கண்ணாடியில் அவர் கண்கள் தெரிந்தன. ஞானஜோதி அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். மீன் தூண்டிலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. இழுக்க அவசரமில்லை.

குன்றத்தூரில் மலையடிவாரத்துக் கடையில் டீ குடித்தார்கள். கொஞ்சம் மேடேறிப் பார்த்தபோது மேற்கே ஏரி விரிந்து கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அதற்கப்பால் பனை வரிசை ஒரு கோடு மாதிரி. தண்ணீருக்கு மேலே நாரைக் கூட்டம் ஒன்று தாழப் பறந்து போயிற்று. இவ்வளவு அழகாக இருக்கும் என்று ஞானஜோதி எதிர்பார்க்கவில்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷமாக அவள் மனத்தில் இருந்த ஏரி கறுப்பாக, குறுகலாக இருந்தது.

"எவ்ளோ பெரிசு," என்றாள் கிருபா.

"முழுசா சுத்தினா முப்பது மைலுக்கு மேல வரும்," என்றான் சத்தியநாதன். "எனக்கு ஒண்ணுதான் வருத்தம். இவ்ளோ தண்ணிக்குப் பக்கத்துல வளர்ந்தும் நீச்சல் தெரியாது. அண்ணா விட்டதே இல்லை. கிணத்தை எட்டிப் பார்த்தாலே அடி விழும்."

"பயம் இருக்கும் அவருக்கு," என்றாள் ஞானஜோதி. "இல்லையா சம்பந்தி?"

தேவானந்தம் டீ டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

மாங்காடு, பூந்தமல்லி. அங்கே வாழைப்பழமும் வெற்றிலையும் வாங்கினார்கள். பெங்களூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும், "இங்க திருப்புங்க," என்றாள் ஞானஜோதி. "சாப்பாட்டை ஏரிக்கரையில வெச்சுக்கலாம்."

"ஸ்ரீபெரும்புதூர்ல நல்ல தோப்பு இருக்கு டீச்சர். நிழலா இருக்கும்."

"இங்கேயே இருக்கட்டுமே."

மண் பாதையில் கார் குலுங்கிக்கொண்டு போய் கரையடியில் நின்றது. கூடையில் மீனோடு ஒரு பெண் எதிரே வந்தாள். பச்சையம்மா என்று கையில் பெயர் பச்சை குத்தியிருந்தது. ஞானஜோதி ஜன்னலைத் திறந்து, "ஏம்மா, மூணாவது மதகு எது?" என்று கேட்டாள்.

"அதோ, ரெண்டு பனமரம் தெரியுதா, அங்கதான் கீது. ஆனா தண்ணில எறங்கிடாதீங்கம்மா. மேல பாத்தா முட்டி ஆளம் மாரி இருக்கும். காலை வெச்சா உள்ள இஸ்துக்கும்."

"யாராவது செத்திருக்காங்களா?"

"வர்சத்துக்கு ஒண்ணு ரெண்டு. இன்னாத்துக்கு கேக்கற நீ? சாப்ட வந்தியா, சாப்ட்டு நல்லபடியா வூடு போய்ச் சேரு."

அவள் போய்விட்டாள். தேவானந்தம் ஸ்டியரிங்கை விட்டு இறங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

மதகின் கருங்கல் மேடையில் ஜமுக்காளம் விரித்தார்கள். ஞானஜோதி கேரியரைத் திறந்தாள். புளிசாதம், அவித்த முட்டை, வஞ்சிரம் வறுவல், தயிர்சாதம். ஐந்து மணிக்கே எழுந்து செய்தது. யாரையும் தொடவிடாமல் தானே எல்லாருக்கும் பரிமாறினாள். தேவானந்தத்தின் தட்டில் பெரிய துண்டு மீனாகப் பார்த்து வைத்தாள். அவர் நாலு வாய் சாப்பிடும்வரை காத்திருந்தாள்.

"சம்பந்தி, பத்தொம்பது வருஷம் முன்னாடி இந்த இடத்துல ஒரு பையன் செத்துப்போனான். இருபது வயசு. உங்களுக்குத் தெரியுமா?"

எந்தப் பதில் வந்தாலும் அதற்கு மேல் என்ன கேட்பது என்று யோசித்து வைத்திருந்தாள். தெரியாது என்பார். கோபப்படுவார். எழுந்து போவார். எல்லாவற்றுக்கும் அவளிடம் அடுத்த கேள்வி இருந்தது.

தேவானந்தம் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

"தெரியும் டீச்சர்," என்றார். "உங்க தம்பி."

கிருபா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள் ஞானஜோதி.

"நீங்க தாம்பரத்துக்கு மாத்தலாகி வந்தப்பலேர்ந்து. உபதேசியார் பொண்ணு இங்க டீச்சரா இருக்காங்கன்னு யாரோ சொன்னாங்க. உங்க வீட்டு வாசல் வரைக்கும் மூணு தடவை வந்திருக்கேன். உள்ள வர தைரியம் இல்லை. தரகர்கிட்ட உங்க வீட்டைச் சொன்னதே நான்தான்."

இரண்டு மாதமாகத் தான் பின்னிய வலைக்குள் அவர் தானாகவே நடந்து வந்து உட்கார்ந்திருந்தார் என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. ஆத்திரமாக வந்தது.

"சொல்லுங்க," என்றாள். "முழுசா சொல்லுங்க. உங்க தம்பி காதுல விழணும். உங்க வீட்டம்மா காதுல விழணும்."

அவர் சொன்னார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு எனக்கு வேலை ஆர்டர் வந்திருந்தது. சர்க்கார் வேலை. சந்தோஷத்துல மருந்து பாட்டில்ல சாராயம் வாங்கிட்டு வந்தேன். சம்பத் ஒரு வாய் குடிச்சான். சாலமோன் தொடவே இல்லை. எங்களைத் திட்டினான். நான் தண்ணியில இறங்கினேன். இதே இடம். கால் போயிடுச்சு. அவன் சட்டையோட குதிச்சான். என்னை இந்தப் படி வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தான். சம்பத் என் கையைப் பிடிச்சு இழுத்தான். திரும்பிப் பார்த்தா அவனைக் காணோம்."

தபீதாள் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நான் குடிச்சேன்னு தெரிஞ்சா ஆர்டர் போயிடும். கேசு, ஜெயிலு. சத்தியாவுக்கு அப்போ எட்டு வயசு. அவனுக்கு என்னை விட்டா யாரும் இல்லை. செத்தவனுக்கு என்ன வந்துடப்போகுதுன்னு நெனச்சேன். அவன் குடிச்சான்னு சொல்லிட்டேன். சம்பத்தையும் சொல்ல வெச்சேன்."

"சொன்னா உடனே நம்பிட்டாங்களா?" என்று ஞானஜோதி கேட்டாள். இதைச் சம்பத்திடமும் கேட்டிருந்தாள். அவருக்குப் பதில் தெரியவில்லை.

தேவானந்தம் எச்சில் கையைத் தட்டின் ஓரத்தில் துடைத்தார்.

"வலைக்காரங்க அவனைத் தூக்கிட்டு வந்து கரையில போட்டாங்க. போலீசுக்குச் சொல்ல ஆள் போச்சு. சம்பத் தூரத்துல உக்காந்து அழுதுக்கிட்டிருந்தான். பாட்டில்ல மிச்சம் இருந்தது." அவர் குரல் இறங்கிப்போயிற்று. "அதை அவன் சட்டையில ஊத்தினேன்."

ஞானஜோதி எழுந்தாள். அவர் முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். அதில் இருந்த சோற்றையும் மீனையும் மதகுக்குக் கீழே ஏரியில் கொட்டினாள்.

"நான் பரிமாறின சோறு இனிமே ஒரு பருக்கை உங்க வயித்துல இறங்கக்கூடாது," என்றாள். "எம் பொண்ணைக் கொண்டுபோய் உங்க வீட்ல ராணி மாதிரி வெச்சுக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சீங்களா? எங்க அப்பா தெருவுல தலை குனிஞ்சு நடந்ததெல்லாம் சரியாயிடுமா?"

"ஆமா டீச்சர். அப்படித்தான் நெனச்சேன்."

சத்தியநாதன் எழுந்து கரைமேல் நடந்து போனான். அவனைக் கூப்பிட அண்ணன் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

இதைப் பார்க்கத்தான் அவள் இரண்டு மாதம் காத்திருந்தாள். பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது.

"அம்மா," என்றாள் கிருபா. "உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசமா."

"அப்போ நிச்சயத்துக்கு முன்னாடியே."

"ஆமா."

"தெரிஞ்சே என்னைப் புடவை கட்டி உக்கார வெச்சே. மோதிரம் போட வெச்சே. இங்க கொண்டுவந்து நிறுத்தறதுக்காக."

"உனக்கு இதைவிட நல்ல இடமா நான் பார்ப்பேண்டி."

"எனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சும்மா. அது உனக்குத் தெரியும். நீ பார்த்துக்கிட்டுதான் இருந்தே." கிருபா அழவில்லை. கை கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "இவர் என்னைப் பரிகாரத்துக்குக் கேட்டார். நீ என்னைப் புழுவா கோத்து தூண்டில் போட்டே. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை எங்கிட்ட கேக்கலை."

"கிருபா, சாலமோன் மாமா உனக்கு..."

"மாமா மதிலுக்கு வெளியே கிடக்கார். அவர் குடிக்கலைன்னு தெரிஞ்ச அன்னிக்கே நீ பாஸ்டர்கிட்ட ஓடியிருக்கணும். அந்த சம்பத்தை நாலு பேர் முன்னாடி சொல்ல வெச்சிருக்கணும். ரெண்டு மாசம், ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. நடுவுல அந்த ஆள் செத்துப்போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

ஞானஜோதி அதை யோசித்ததே இல்லை. தம்பி பெயர்மேல் இருந்த கறையைத் துடைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்துவிட்டாள். பத்தொன்பது வருஷம் கிடந்தவன் இன்னும் இரண்டு மாதம் பொறுக்கமாட்டானா என்று நினைத்தாள். முதலில் இந்த மனிதன் விழ வேண்டும். அது வெட்கப்பட வேண்டிய விஷயமா என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். வெட்கம் வரவில்லை.

பாத்திரங்களைத் தபீதாள்தான் கழுவிக் கட்டினாள்.

ஏரி வட்டத்தில் பாதிகூட முடியவில்லை. வந்த வழியே திரும்பலாம் என்று சொல்லக்கூட யாருக்கும் வாய் எழவில்லை. சத்தியநாதன் தானாகவே வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டான். தண்டலம் தாண்டி, இருங்காட்டுக்கோட்டை தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் வரை கார் நிற்காமல் போயிற்று.

பஸ் ஸ்டாண்டு வந்ததும், "நிறுத்துங்க," என்றாள் கிருபா.

படப்பை வழியாகத் தாம்பரம் போகிற பஸ் ஒன்று புறப்படத் தயாராக நின்றுகொண்டிருந்தது. அவள் இறங்கி, யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடந்து, முன்வாசல் வழியாக ஏறி உட்கார்ந்தாள். ஞானஜோதி கதவைத் திறக்கப் போனாள். தபீதாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க டீச்சர். நம்மளோட ஒரே வண்டியில வர அதுக்கு இப்போ முடியாது."

சத்தியநாதன் காரை விட்டு இறங்கி ரோட்டில் நின்றான். பஸ் நகர்ந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் வேகமெடுக்கிற நேரத்தில் அவன் ஓடிப்போய்ப் பின்வாசலில் தொற்றிக்கொண்டான்.

அம்பாசடரில் மூன்று பேர் மிச்சம். பஸ் போய் வெகுநேரம் கழித்துத்தான் தேவானந்தம் காரைக் கிளப்பினார். ஒரகடம் பக்கம் ரோடு திரும்பியது. வெயில் சாய்ந்துவிட்டது. தூரத்தில், மரங்களுக்கு நடுவே, ஏரியின் பின்பக்கத்து நீர் அங்கங்கே தகடு மாதிரி மின்னியது. வயலும் தண்ணீரும் எங்கே சேருகின்றன என்று பிரிக்க முடியாத இடம். ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே காரோடு கொஞ்ச தூரம் வந்தது.

படப்பையை நெருங்கும்போது தேவானந்தம் பேசினார்.

"டீச்சர், நாளைக்கு நான் உங்க கோயிலுக்கு வர்றேன். ஆராதனை முடிஞ்சதும் எழுந்து சபைக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லிடறேன்."

சின்னக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. ஜுரம் விட்டவன் முகம் மாதிரி இருந்தது. காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு. அதைப் பார்த்ததும் ஞானஜோதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இவர் எழுந்து நின்று சொல்வார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எவ்வளவு பெரிய மனசு, எத்தனை தைரியம் என்பார்கள். பாஸ்டர் இறங்கி வந்து தோளில் கை வைத்து ஜெபிப்பார். அப்பாவின் தோளில் ஒருத்தரும் கை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்ததை அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம்," என்றாள்.

"டீச்சர்?"

"சொல்லிட்டா உங்களுக்கு லேசாயிடும். உங்களை நான் லேசாக விடமாட்டேன்."

"அப்போ சாலமோன் பேரு..."

"அவன் பேரை நீங்க சொல்லாதீங்க."

கார் ஓடியது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை அறுத்தது. இந்த வாய் திறந்தால்தான் தம்பி மதிலுக்கு உள்ளே வர முடியும். இந்த வாய் திறந்தால் இந்த மனிதனும் கரையேறிவிடுவான். மறுபடியும் சாலமோன் முதுகில் ஏறியே.

அப்போது தபீதாள் பேசினாள். கணவரிடம்தான் பேசினாள், ஆனால் பார்வை வெளியே இருந்தது.

"சொல்றதா இருந்தா சட்டையில ஊத்தினதையும் சொல்லணும். அதை விட்டுட்டுச் சொன்னா சொன்னதா ஆகாது."

கார் ஒருமுறை தடுமாறி நேரானது. கண்ணாடியில் அவர் கண்கள் சட்டென்று விலகின. முகத்தில் வந்த தெளிவு போய்விட்டது. ஞானஜோதி முன்னால் குனிந்து பார்த்தாள். ஆமாம். அதைச் சொல்வதாக அவர் நினைத்திருக்கவில்லை. பயந்து பொய் சொன்னேன் என்பார். வாலிப வயசு என்பார். தம்பியை வளர்க்க வேண்டியிருந்தது என்பார். கரையில் கிடந்த உடம்பின் மேல் பாட்டிலைக் கவிழ்த்தேன் என்று நானூறு பேருக்கு முன்னால் சொல்ல அந்த நாக்கு எழும்பாது.

அவள் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லுங்க," என்றாள். "ஆனா வாயால சொல்லக்கூடாது. நான் எழுதித் தர்றேன். அதைப் படிக்கணும். ஒரு எழுத்து கூட்டக்கூடாது, ஒரு எழுத்து குறைக்கக்கூடாது. நடுவுல அழுது நிறுத்தக்கூடாது. நிறுத்தினா முதல்லேர்ந்து படிக்கச் சொல்லுவேன். என் கிளாஸ்ல பிள்ளைங்க அப்படித்தான் படிக்கும்."

கார் முடிச்சூரைத் தொட்டது.

"எழுதுங்க," என்றார் கடைசியில்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "காலைல ஏழு மணிக்கு வந்து வாங்கிக்குங்க," என்று மட்டும் சொன்னாள். தபீதாள் ஜன்னல் வழியாகக் கேரியரை நீட்டினாள். கார் சந்து முனையைத் தாண்டிப் போயிற்று.

டியூட்டி முடிந்து வந்த ஆசீர்வாதம் பனியனோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஜோதி நடக்குது? கிருபா வந்தா. கூட மாப்பிள்ளை. ரெண்டு பேர் முகமும் சரியில்லை. காபி குடிக்கிறீங்களான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க. பாஸ்டரைப் பார்க்கணும்னு சொல்லிட்டு அப்படியே கிளம்பிட்டாங்க."

"எதுக்காம்?"

"நாளைக்கு ஓலை விஷயமாத்தானேன்னு கேட்டேன். ஆமாப்பான்னா. வாசிக்கச் சொல்லவா, நிறுத்தச் சொல்லவான்னு கேக்கத் தோணலை எனக்கு. நிறுத்தறதுக்கு என்ன இருக்கு?"

"உக்காருங்க. சொல்றேன்," என்றாள் ஞானஜோதி.

சொன்னாள். சானடோரியத்துச் சம்பத்தில் தொடங்கி மதகில் கொட்டிய சோறு வரை எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும் அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"எங்கிட்டகூட சொல்லத் தோணலையா?"

"சொல்லியிருந்தா தடுத்திருப்பீங்க."

"தடுத்திருப்பேன்," என்றார் அவர். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஞானஜோதி விளக்கைப் போட்டாள். பரீட்சைத் தாள் திருத்துகிற மேஜையில் உட்கார்ந்து, இரண்டு முழுத்தாள் எடுத்து, ஓரத்தில் கோடு போட்டாள். பாஸ்டர் வீட்டுக்குப் போக வேண்டும். மகள் அங்கே என்ன சொல்கிறாள் என்று தெரிய வேண்டும். தாயாக இருப்பவள் முதலில் அங்கேதான் ஓடியிருப்பாள். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பேனாவைத் திறந்தாள்.

'குரோம்பேட்டையில் வசிக்கும் தேவானந்தம் ஆகிய நான், இந்தச் சபையாருக்கு முன்பாகச் சொல்வது என்னவென்றால்.'

கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்து. வேலை ஆர்டர், மருந்து பாட்டில், தண்ணீர், படி எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொரு வரியையும் அவர் நிறுத்தி, மூச்சு வாங்கி, உரக்கப் படிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினாள். ஓடித் தப்பிக்க இடம் கொடுக்காத வாக்கியங்கள்.

சட்டைக்கு வந்தாள்.

'கரையில் கிடந்த சாலமோனின்' என்று எழுதியபோது வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வாசலில் கழற்றிய செருப்பு ஒரு ஜோடி இல்லை, இரண்டு ஜோடி.

"அம்மா," என்று கிருபா கூப்பிட்டாள். "பாஸ்டர் உன்னை உடனே வரச் சொன்னார்."

ஞானஜோதி தலை நிமிரவில்லை.

"இரு," என்றாள். "வாக்கியம் முடியலை."